ஏழு உடுப்பும் நான் போட்ட குறியும்

கர்த்தர் எனக்கு உதவி செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இதே காரியத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முறை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னவன் நான். அது தப்பான சாட்சி. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, நிஜம் என்று நம்பித்தான் சொன்னேன். எல்லோரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, நடுரோட்டில், அது தப்பு என்று தெரிந்தது. அதனால் இந்த முறை முதலிலிருந்து, எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சாமுவேல். ஊர் நாகர்கோவில் பக்கம். பதினான்கு வருஷமாக மட்டாஞ்சேரியில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறேன். என் மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இங்கே நானும் மகள் பெனினாவும் மட்டும்தான். அவளுக்குப் பத்து வயது.

வயதுதான் பத்து. உயரம் என் தோளைத் தொட்டுவிட்டது. எங்கள் அப்பா வழியில் எல்லோரும் இப்படித்தான் பனைமரம் மாதிரி வளர்வோம். ஸ்டெல்லா இருந்திருந்தால் மாதாமாதம் கவனித்திருப்பாள். நான் மற்றவர்கள் வீட்டுத் துணியைக் காலை முதல் ராத்திரி வரை பார்க்கிறவன். என் வீட்டுப் பிள்ளையின் துணி இறுகிப்போனதை மட்டும் பார்க்கவில்லை.

முதல் அதிர்ச்சி போன ஓணத்துக்கு முந்தின வாரம். வேலை முடிந்து வந்தேன். பெனினா வீட்டுக்குள்ளேயே என் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புழுக்கம் தாங்காத நாள் அது. ஏன் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். 

"அப்பா, என்டெ உடுப்பு எல்லாம் சின்னதாயிடுச்சு. கடை முக்குல நிக்கிற அண்ணன்மார் ஏதோ சொல்லிச் சிரிக்கறாங்க. நான் இனி வெளிய போகல."

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அந்த அண்ணன்மார் மேல் வந்த கோபம் ஒரு நிமிஷம்தான். பிறகு முழுக் கோபமும் என் மேலேயே திரும்பிவிட்டது. சீருடை மட்டும்தான் அவளுக்குச் சரியாக இருந்தது, அது பள்ளியில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. அதைப் போட்டு ஸ்கூலுக்குப் போவாள். மற்றபடி கடைக்கு வரமாட்டாள். ஞாயிறு பள்ளிக்கு வரமாட்டாள். ஒரு மாதமாக இப்படி நடந்திருக்கிறது, நான் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைகளுக்குப் போனேன். அங்கே இரண்டாவது அதிர்ச்சி. பத்து வயது என்று சொன்னால் எடுத்துப் போடுகிற உடுப்பு அவளுக்கு முட்டிக்கு மேலே நிற்கிறது. உயரத்துக்கு ஏற்றதைக் கேட்டால் பெரிய பெண்கள் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே தோள் இல்லாத சட்டை, இடுப்பு தெரிகிற சட்டை, தொடையில் கிழித்துவிட்ட பேன்ட். இதெல்லாம் குழந்தைக்கா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஏதோ காட்டிலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இப்ப எல்லாரும் இதாணு சேட்டா இடுறது" என்றாள். பாந்தமாக இருந்த ஒரே ஒரு சுரிதாரின் விலை என் ஒரு வாரக் கூலிக்குப் பக்கத்தில் வந்தது. பெனினா அந்த விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வேண்டா அப்பா, எனக்கு அந்தக் கலர் பிடிக்கல" என்றாள். அவளுக்குப் பிடித்த கலர் அதுதான். எனக்குத் தெரியும்.

ஸ்டெல்லாவுக்கு விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு உடுப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவள் எப்படியோ மிச்சம் பிடித்து, ஊருக்கு வந்த ஒருத்தரிடம் மூன்று ஃபிராக் கொடுத்துவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்தோம். மூன்றும் எட்டு வயதுப் பிள்ளைக்கு. ஸ்டெல்லா விட்டுவிட்டுப் போன அளவு அவள் கண்ணில் அப்படியே நின்றிருக்கிறது. பெனினா அழவில்லை. "அம்மாகிட்ட சொல்லாதீங்க அப்பா" என்றாள். அன்றைக்கு வீடியோ காலில் அதில் ஒரு ஃபிராக்கை எப்படியோ கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு, முகமும் காலரும் மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனுக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். "சரியா இருக்கா குட்டி?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "கரெக்டு அம்மா" என்று இவள் சிரித்தாள். முதுகுப் பக்கம் கொக்கி போடவே முடியாமல் திறந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் முழங்கால் போட்டேன். என் ஜெபத்தில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆண்டவரே, இந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து வெளியே வர நாலு நல்ல உடுப்பு வேண்டும், அவள் வயதுக்கு ஏற்றது வேண்டும், என் கைக்கு எட்டுவதாக வேண்டும். இவ்வளவுதான்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிற துணி யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அழியாத மையில், கழுத்தின் உள்பக்கம் போடுவோம். புள்ளியும் கோடும்தான். கழுத்து ஓரம் இருக்கிற பக்கம் மேல் பக்கம், அப்படி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், தமிழும் மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூறு வீட்டுக் குறியைச் சொல்வேன். துணியை நான் பார்ப்பதில்லை. குறியைத்தான் பார்ப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆறு மாதம் யாரும் வந்து கேட்காத துணியை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி வைத்த ஏற்பாடு.

டிசம்பர் முதல் வாரத்தில் முதலாளி மேல் தட்டைக் காலி செய்யச் சொன்னார். ஒரு பொட்டலத்தை இறக்கினேன். ஒரு கோடு, அதன் மேல் இரண்டு புள்ளி. ஜூ டவுன் பக்கம் குடியிருந்த ஒரு வயதான தம்பதியின் குறி அது. ஜூன் மாதமே அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனிடம் போய்விட்டார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிறவர் வீடு பூட்டியிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்த பொட்டலம்.

பிரித்தேன். என் கை நின்றுவிட்டது.

ஏழு உடுப்பு. ஏழும் பெண்குழந்தை உடுப்பு. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற ஃபிராக் நாலு, சுரிதார் இரண்டு, ஒரு நீளப் பாவாடையும் சட்டையும். பருத்தித் துணி, நல்ல தையல். கழுத்து அடக்கமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு பை வைத்திருந்தது. ஓரத்தில் நாலு விரல் துணி மடித்துவிட்டிருந்தது, பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ள. நீளத்தை என் தோளோடு வைத்துப் பார்த்தேன். பெனினாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போலவே இருந்தது.

முதலாளி, "ஆறு மாசம் கழிஞ்சல்லோ, எடுத்தோ" என்றார்.

அந்த ஞாயிறு என் மகள் நீல ஃபிராக்கில் சபைக்கு வந்தாள். சுள்ளிக்கல்லில் ஒரு மாடி ஹாலில்தான் எங்கள் சபை கூடுகிறது. படியில் அவள் எனக்கு முன்னால் ஓடி ஏறினாள். நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "அந்த வீட்டில் இருந்தது கிழவனும் கிழவியும். குழந்தையே கிடையாது. குழந்தை இல்லாத வீட்டுக் குறியில் ஏழு பெண்குழந்தை உடுப்பு எப்படி வந்தது? மனுஷன் வைத்ததா? என் தேவன் வைத்தார்." இப்படிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. ஹால் அதிர்ந்தது. இரண்டு சகோதரிகள் அழுதார்கள்.

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியை நான் ஜனங்களைப் பார்த்துக் கேட்டதற்குப் பதிலாக என்னையே ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, மீன் வாங்கத் தோப்பும்படிக்கு நடந்துகொண்டிருந்தோம். பெனினா அதே நீல ஃபிராக். எதிரே தலையில் தட்டம் என்கிற முக்காடு போட்ட ஒரு பெண் பைநிறையக் காய்கறியோடு வந்தார். எங்களைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். குனிந்து என் மகளின் ஃபிராக் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பையைத் தடவிப் பார்த்தார்.

"மோளே, இது எவிடந்து கிட்டி?"

எங்கே கிடைத்தது என்று கேட்டார். பெனினா என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது கர்த்தர் தந்தது, இத்தா" என்றேன். முஸ்லிம் அக்காமாரை இங்கே இத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கர்த்தாவு என்டெ மோள்டெ உடுப்பை எவிடந்து எடுத்துத் தன்னு?" என்றார்.

அந்த முகத்தை அப்போதுதான் அடையாளம் கண்டேன். போன ஜூலையில் இவர் மூன்று தடவை எங்கள் கடை வாசலில் வந்து நின்றவர். சபியா இத்தா. மகளுடைய ஏழு உடுப்பு கொடுத்தேன், திரும்பி வரவில்லை என்று கேட்டார். மூன்று தடவையும் தேடிப் பார்த்தவன் நான்தான். அவர் குறியுள்ள பொட்டலம் தட்டில் இல்லை. "இங்க வரவே இல்ல இத்தா. நீங்க வேற கடையில கொடுத்து மறந்திருப்பீங்க" என்று சொன்னதும் நான்தான். கடைசித் தடவை கொஞ்சம் எரிச்சலோடும் சொன்னேன்.

அவர் என் மகளின் பின்னங்கழுத்தில் காலரைத் திருப்பினார். பெனினா அவர் பக்கம் முதுகைக் காட்டித் தலை குனிந்து நின்றாள். நானும் இத்தாவின் பக்கத்தில் போய் நின்று குறியைப் பார்த்தேன். கழுத்து ஓரம் வெளியே மடங்கிக் கீழே வந்திருந்ததால் குறி தலைகீழாகத் தெரிந்தது. ஒரு கோடு, அதன் கீழ் இரண்டு புள்ளி.

அது சபியா இத்தா வீட்டுக் குறி.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பள்ளி திறந்த வாரம், கொட்டுகிற மழை. நான் நிற்கிற இடத்தில் கூரை ஒழுகியது. அதனால் மேசையின் மறுபக்கம் போய் நின்று குறி போட்டேன். அந்தப் பக்கம் நின்றால் கழுத்து ஓரம் எனக்கு மேலே இருக்காது, கீழே என் பக்கம் வந்துவிடும். துணியைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். திருப்பவில்லை. ஏழு உடுப்பிலும் குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். தேவன் வைத்தார் என்று ஹால் அதிரச் சொன்னேனே, அது நான் வைத்தது.

நடுரோட்டில் நின்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சாயங்காலத்துக்குள் ஏழையும் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வீட்டு அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பெனினா நீல ஃபிராக்கைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள்.

"அப்பா, நாம திருடினோமா?"

"இல்ல மோளே. நான் தப்பாக் குறி போட்டேன்."

"அப்ப கர்த்தர் தரலையா?"

துணி போனது போகட்டும். பிள்ளையின் விசுவாசத்தையும் நானே என் கையால் கெடுத்துவிட்டேனே என்றுதான் நெஞ்சு பதறியது. ஏழையும் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கிளம்பும்போது, "நானும் வரேன்" என்றாள். வாசலைத் தாண்டாமல் இருந்த பிள்ளை, என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல், என் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கடை முக்கு வழியாகவே என்னோடு நடந்து வந்தாள்.

சபியா இத்தா ஏழையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "ஓணத்துக்கு ஸ்கூல்ல எல்லாரும் புதுசு இட்டு வந்நப்போ என்டெ மோள் மாத்ரம் பழசுல போயி. உடுப்ப எங்கயோ களஞ்சுட்டான்னு அவள நான் வழக்கும் பறஞ்சு" என்றார். அதாவது, உடுப்பைத் தொலைத்ததாக நினைத்து மகளைத் திட்டவும் செய்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மகள் போட்டிருந்த சட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் உடுப்புக் கேட்டு ஜெபிக்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. சபையில் போய் உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும் என்று மட்டும் கேட்டேன். பாஸ்டர் ஐயாவிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை முதல்ல நீங்க பேசுங்க, அப்புறம் பாட்டு வச்சுக்கலாம்" என்றார்.

பேசினேன். போன தடவை ஹால் அதிர்ந்தது. இந்தத் தடவை மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு சகோதரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்வரிசையில் என் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்து என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரும்போது என் உடம்பில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. உடுப்பு இல்லைதான். ஆனாலும் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சபியா இத்தா. கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. போலீசைக் கூட்டி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக.

"மோளைக் கொண்டு வா. அளவு எடுக்கணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னார். அவர் தையல்காரர். வீட்டிலேயே நைட்டியும் சுரிதாரும் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர் மகளும் பெனினா மாதிரியே சின்ன வயதில் உயர்ந்து போனவள். கடை கடையாக ஏறி இறங்கி, குழந்தைக்கு ஏற்றது எங்கும் கிடைக்காமல்தான் அந்த ஏழையும் தானே வெட்டித் தைத்திருக்கிறார்.

"ஒரு ஆழ்ச்சயா அந்த ஷர்ட்டு என்டெ கண்ணுல நிக்குது சாமுவலே. என்டெ மோளும் வாப்பாட ஷர்ட்டு இட்டு நடந்தவளா." ஒரு வாரமாக என் சட்டையை அவரால் மறக்க முடியவில்லை, அவர் மகளும் ஒரு காலத்தில் அப்பா சட்டையில் நடந்தவள்.

பணம் பற்றிப் பேச வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தைத்ததையெல்லாம் இஸ்திரி போட்டுத்தான் கடைக்குக் கொடுக்க வேண்டுமாம், அவருக்கு முழங்கை வலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய் இஸ்திரி போட்டுக் கொடுத்தால் போதும், வெட்டித் தைக்கிறது அவர் பொறுப்பு, துணி மட்டும் நான் வாங்கிக் கொடுக்க வேண்டும். என் கைக்கு எட்டுவதாக வேண்டும் என்று கேட்டேனே. என் கையிலேயே இருந்த வேலையைத்தான் விலையாகக் கேட்டார். நான் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டேன், ஒரு தலையணை உறை கருகிப்போனது. முதலாளி திட்டியதுகூட எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

புறப்படும்போது வாசலில் நின்று திரும்பினார். "இனி பள்ளியில போயி சொல்லும்போ என்டெ பேரும் சொல்லணும்" என்றார். பள்ளி என்று அவர் சொன்னது எங்கள் சபையை. அவர் முகத்தில் சிரிப்பை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று உடுப்பு தயாராகிவிட்டது. மூன்றிலும் பை உண்டு, மூன்றிலும் ஓரத்தில் நாலு விரல் மடிப்பு உண்டு. அன்று ஸ்டெல்லா கூப்பிட்டபோது பெனினா ஃபோனை என் கையில் கொடுத்தாள். "அப்பா பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தாள். சுவர்வரைக்கும் போய், பச்சைச் சுரிதாரில், பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, நேராக நின்றாள்.

ஸ்டெல்லா முகத்தை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இது என் பிள்ளையா?" என்றாள் ஸ்டெல்லா. "ஏங்க, இவ எப்ப இப்படி வளந்தா?" பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். பெனினா ஓடி வந்து, "அழாதீங்க அம்மா, இன்னும் நாலு விரல் இறக்கலாம்" என்றாள். அந்தச் சின்ன ஃபிராக்குகளின் கதையையும் அன்றைக்கே சொல்லிவிட்டோம். இப்போது மாதாமாதம் சுவரில் கோடு போட்டு ஃபோட்டோ அனுப்புகிறோம்.

பெனினா ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாரமும் தவறுவதில்லை. கர்த்தர் தரலையா என்று கேட்டவள், பச்சைச் சுரிதாரைப் போட்ட அன்று காலை என்னைக் கேட்காமலே முழங்கால் போட்டாள். நானும் மாறியிருக்கிறேன். குறி போடும் முன் துணியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறேன். யாராவது வந்து துணி வரவில்லை என்றால், தட்டிலிருக்கிற எல்லாப் பொட்டலத்தையும் அவிழ்த்துக் காட்டுகிறேன்.

உங்களில் யாராவது பிள்ளைக்கு ஒரு உடுப்புக்கூட வாங்கித் தர முடியவில்லையே என்று குறுகிப்போய் இருந்தால், கேளுங்கள். சின்னக் காரியம் என்று வெட்கப்படாதீர்கள், அவர் கேட்கிறார். ஆனால் கையில் வந்தவுடன் என்னை மாதிரி மேடைக்கு ஓடாதீர்கள். உள்பக்கம் திருப்பி, யார் வீட்டுக் குறி என்று பாருங்கள். அடுத்தவருடையது என்றால் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கப் போகிற வாசலிலேயே உங்களுக்கானதும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் ஜெபத்துக்குப் பதிலாக வந்தவரின் பெயர் சபியா. சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். ஆமென்.